யோகநாதன் தாழ்த்திய வண்டி

செய்தியைக் கொண்டுவந்தவர் டெரி. சனிக்கிழமை காலை லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். வழமையாக அவர் வருவதென்றால் தெருமுனையிலேயே வண்டிச் சத்தம் கேட்கும். அன்றைக்குச் சத்தம் கேட்கவில்லை. நடந்து வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “அங்கிள்” என்றார். பிறகு யோகனின் பெயரைச் சொன்னார். காலையில் என்றார், இதயம் என்றார். என்னுடைய இங்கிலீசுக்குப் பிடிபட்டது அவ்வளவுதான். அவ்வளவும் போதுமாக இருந்தது.

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். டெரிக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். திரும்ப அடுப்பை மூட்டினேன், சோற்றை வடித்தேன், சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

முப்பத்தொராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவன் அல்லன். கண்டதும் கேட்டதும் மனத்தில் அப்படியே கிடக்கிறது. அதைச் சொல்கிறேன், எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அமரர் யோகநாதன் அவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இராது. தெரியாதவர்களும் இந்த மலரைக் கையில் எடுப்பார்கள். அவர்களுக்காகத்தான் விரித்துச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் டூட்டிங்கில்தான் அவரை முதலில் கண்டேன். ரயில் பாதைக்குக் கீழே வளைவு வளைவாகக் கட்டியிருப்பார்களே, அதில் ஒரு வளைவுக்குள் சைப்பிரஸ்காரர் ஒருவர் வாகனம் திருத்துகிற கராஜ் வைத்திருந்தார். கூட்டுவதும் கார் கழுவுவதும் என் வேலை. மேலால் ரயில் போகும்போது தேத்தண்ணீர்க் கோப்பை மேசையில் நடந்து விளிம்புக்கு வரும், அதைப் பிடித்து வைப்பதும் என் வேலைதான். யோகன் ஊரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வேலை கேட்டு வந்த அன்று முதலாளி அவருக்கு ஒரு பழைய காரைக் காட்டி, இதை ஓடவை பார்ப்போம் என்றார். யோகன் காரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணை யாழ்ப்பாணமோ?”

“ஓம்.”

“இஞ்ச தேத்தண்ணி ஆர் போடுறது?”

“நான்தான்.”

“அதுதான் எல்லாற்ற முகமும் உப்பிடி இருக்கு. இனி நான் போடுறன்.”

பிறகு போய்க் காரை ஓடவைத்தார். அன்றையிலிருந்து தேத்தண்ணீர் அவர் பொறுப்பு. அவ்வளவு சீனி போட்ட தேத்தண்ணீரை நான் வேறெங்கும் குடித்ததில்லை.

வாகனங்களை அவர் மரியாதையாகத்தான் பேசுவார். “இவர் பொய் இருமல் இருமுறார் அண்ணை, வருத்தம் வேற இடத்தில” என்பார். மனிதர்களுக்கு அந்த மரியாதை எப்போதும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஸ்பானரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் முதலாளிக்கும் ஏச்சு விழும். பொறுமை என்பது அவரிடம் மருந்துக்கும் இல்லை. கோபம் ஒரு ரயில் கடந்து போகிற நேரம் இருக்கும். ரயில் போனதும் தேத்தண்ணீர் வரும்.

பக்கத்து வளைவில் டெரி இருந்தார். கை முழுக்கப் பச்சை குத்திய ஆங்கிலேயர். பழைய கார்களையும் பிக்கப் வண்டிகளையும் வெட்டி ஒட்டி, நிலத்தோடு நிலமாகத் தாழ்த்தி, மினுக்கி ஓட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர் அந்தக் கூட்டத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புல்வெளியில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஒருவருடைய வண்டிக்கு அடியில் மற்றவர் குனிந்து பார்ப்பார்களாம்.

“நல்ல வாகனத்தைப் பழுதாக்கிப்போட்டுக் குனிஞ்சு வேற பாக்கிறாங்கள்” என்பார் யோகன்.

டெரியும் விடமாட்டார். யோகன் பாண் ரொட்டிக்குள் ஊறுகாய் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, உள்ளே பற்றரித் தண்ணீரா ஊற்றியிருக்கிறாய் என்று கேட்பார். ஒரு நாள் வாங்கித் தின்றார். ஓடிப்போய்த் தண்ணீர்ப் பைப்பில் வாயைக் கழுவினார். அடுத்த நாள் வந்து இன்னொரு துண்டு கேட்டார். அப்படித்தான் சிநேகமானார்கள்.

யோகனின் மனைவி தவமணி. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் மெலிந்துபோனது. கையால் தொடையை அழுத்தி அழுத்தி நடந்தே பள்ளிக்கூடம் போனவர். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரியில் காலுக்கு இரும்புச் சட்டம் கொடுத்தார்கள். தொடை வரைக்கும் இரண்டு பக்கமும் கம்பி, முழங்காலில் ஒரு பூட்டு, கீழே இரண்டு காலுக்கும் தடித்த அடி வைத்த சப்பாத்து. பூட்டைப் போட்டால் கால் நேரே நிற்கும், மடங்காது. அதைப் போட்டுக்கொண்டு கைத்தடியோடு வெளியில் நன்றாக நடப்பார். அவருக்குச் சிரமம் நடப்பதில் இல்லை. வாகனத்தில் ஏறி இறங்குவதில்தான்.

கார் இருக்கை தாழ்ந்து பதிவானது. நேரே நிற்கிற காலோடு அதற்குள் விழத்தான் வேண்டும், விழுந்தால் எழும்ப ஏலாது. வான், பிக்கப் என்றால் உயரம், யாராவது தூக்கி ஏற்றவேண்டும். டூட்டிங்கில் நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலென்றால் இறங்குகிற படி கண்ணுக்கு எட்டாது.

ஒரு கல்யாண வீட்டில் அது நடந்தது. மண்டப வாசலில் யோகனின் கார் நின்றதும் சொந்தக்கார ஆண்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, மற்றவர் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்க, சேலை ஒரு பக்கம் போனது, கைத்தடி ஒரு பக்கம் போனது. வீடியோக்காரர் லைட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். கல்யாண வீடியோ என்றால் உங்களுக்குத் தெரியும். கனடாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று பிரதி போகும். இங்கேயும் வீடு வீடாகப் போட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. “பாவம் பிள்ளை” என்றார்கள். அதுதான் தவமணிக்குத் தாங்க ஏலாமல் போனது.

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. கோயில் இல்லை, விசேஷம் இல்லை. நடந்துபோகக்கூடிய மூலைக் கடை வரைக்கும்தான் அவருடைய லண்டன் என்று ஆகிவிட்டது. அப்படி இருக்கும்போது அவருடைய தங்கைக்கு இங்கே கல்யாணம் சரிவந்தது. தாயில்லாத தங்கை. தவமணிதான் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தது. மணவறையில் தாயின் இடத்தில் நிற்கவேண்டியவர் அவர்.

அந்தப் பேச்சு நடந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

“நான் வரேல்லை. வீடியோவில பாக்கிறன்” என்றார் தவமணி.

“உம்மட தங்கச்சியின்ர கல்யாணம்” என்றார் யோகன்.

“ஓம், அதுதான். அண்டைக்கு ஆக்கள் பொம்பிளையைப் பாக்கோணும். என்னைப் பாக்கக் கூடாது.”

“ஒருத்தரையும் கிட்ட விடாமல் நான் தூக்கினா?”

“நீங்கள் தூக்கினாலும் தூக்கினதுதான்.” பிறகு சொன்னார். “நானா ஏறி நானா இறங்க ஒரு வழி சொல்லுங்கோ. வாறன்.”

யோகனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு டெரியின் வளைவு வாசலில் போய் நின்றார். டெரி அப்போது யாரோ ஒருவருடைய பிக்கப்பைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். யோகன் குனிந்து பார்த்தார். குனிந்து பார்க்கிறவர்களை அவ்வளவு நாளும் பகிடி பண்ணியவர். பிறகு என்னிடம் வந்து, “அண்ணை, இவரை அரைவாசியில நிப்பாட்ட ஏலுமெண்டா அலுவல் முடிஞ்சுது” என்றார். எனக்கு விளங்கவில்லை. கையால் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அப்போது விளங்கியது. காருக்கும் பிக்கப்புக்கும் நடுவில், தவமணியின் இடுப்பு உயரத்துக்கு ஓர் இருக்கை வந்தால் அவர் விழவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். முதுகைக் கொடுத்துச் சாய்ந்தால் போதும்.

பழைய ஜப்பான் பிக்கப் ஒன்றைத் தேடி எடுத்தார். டெரிக்கு ஒரே சந்தோஷம், இந்த மனுசன் கடைசியில் நம்முடைய கூட்டத்துக்கு வந்துவிட்டான் என்று. ஆனால் எவ்வளவு தாழ்த்தவேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. டெரி சொன்னதை யோகன் எனக்குத் தமிழில் சொன்னார்: “பாதி இறக்கினா முடக்கு வாதம் வந்த வண்டி மாதிரி இருக்குமாம். பயந்தாங்கொள்ளியளுக்குத்தான் பாதியாம்.”

“தம்பி, ஏனெண்டு அவனிட்டைச் சொல்லுமன்” என்றேன்.

“அண்ணை, நாலு பேர் கதைச்சதாலதான் அவள் வீட்டுக்குள்ள இருக்கிறாள். நான் கராஜிலயும் வந்து அவளின்ர காலைப் பற்றிக் கதைக்கிறதோ?”

அதனால் டெரிக்குக் காரணம் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்ற பெயரை யோகன் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அளவு எடுத்தது வீட்டில், சமைக்கிற இடத்தில். தவமணி குசினிக் கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். யோகன் கீழே குந்தியிருந்து கராஜில் நான் கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்திப் பிடித்து, இடுப்பு வருகிற இடத்தில் வெள்ளைச் சோக்கட்டியால் கோடு போட்டார்.

“என்ன, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியளோ?”

“சும்மா நில்லும். ஆடாதேயும்.”

“நான் ஆடேல்லை. உங்கட தடிதான் ஆடுது.”

அந்தத் தும்புத்தடி திரும்பக் கராஜுக்கு வந்தது. கோடு அழியக் கூடாதென்று, கூட்டுவதற்கு எனக்கு வேறு தடி தேட வேண்டியதாயிற்று.

வேலையைப் பற்றி நான் கண்டபடி சொல்கிறேன். பிக்கப்பின் அடியில் இரண்டு நீள இரும்பும் குறுக்கே சில இரும்புகளும் இருக்கும், ஏணியைக் கிடத்திவைத்தது மாதிரி. அதுதான் சேஸி. அதற்குக் கீழே வில்லுத் தகடுகள், அதற்கும் கீழே பின் அச்சு. வில்லை அச்சுக்குக் கீழே மாற்றிக் கட்டினால் வண்டி இறங்கும். ஆனால் வண்டி இறங்குகிற அளவுக்கு அச்சு மேலே போகிறது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அச்சு சேஸியில் முட்டும். முட்டாமல் இருக்க அந்த இடத்தில் சேஸியைப் பிறை மாதிரி வெட்டி எடுக்கவேண்டும். பிறகு தடித்த இரும்பை வளைத்து அந்தப் பிறைக்குள் வைத்து, பக்கத் தகடு போட்டு வெல்டிங்கில் ஒட்டவேண்டும்.

வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்ட பிறகு யோகன் தொடங்கவில்லை. தேத்தண்ணீர் போட்டார், குடித்தார், இன்னொன்று போட்டார். “இது இவருக்கு முள்ளந்தண்டு அண்ணை. வெட்டினா ஒட்டலாம். ஒட்டினது பிடிக்குமோ எண்டது ஆள் ஏறினாப் பிறகுதான் தெரியும்” என்றார். டெரி வந்து, முதலில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு தாங்கு இரும்பை ஒட்டினார். அப்போதுதான் வெட்டினாலும் சேஸி முறுக்கிக்கொள்ளாது என்றார். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியில் வைத்தார்கள். நான் நனைத்த சாக்கோடு நின்றேன். யோகன் வெட்டினார். பிறை போலத் துண்டு கழன்று நிலத்தில் விழுந்தது.

ஒட்டுகிற வேலையில்தான் சண்டை. இங்கே கொஞ்சம் ஒட்டி, ஆறவிட்டு, மற்றப் பக்கம் கொஞ்சம் ஒட்டி, அதையும் ஆறவிட வேண்டும். சூடு ஒரே இடத்தில் ஏறினால் இரும்பு கோணும். யோகனுக்கு ஆறவிடுகிற பழக்கமே இல்லை. கடைசியில் டெரி முகமூடியைப் பறித்துத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். இரும்பு ஆறும்வரைக்கும் தரவில்லை. யோகன் தமிழில் ஏசினார். டெரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கத்தையும் அதற்கேற்ற மாதிரி இறக்கி, சில்லுகளைப் பூட்டி, வண்டியை நிலத்தில் விட்டார்கள். யோகன் தும்புத்தடியைக் கதவுப் பக்கம் நிறுத்தினார். சோக்குக் கோடும் இருக்கையும் ஒரே மட்டத்தில் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். தான் செய்த வேலையை வீட்டார் பார்க்கிறதைப் பார்க்க வேண்டும் என்று டெரியும் வந்தார். அவர்கள் வீட்டு முன்னால் நடைபாதையை வீதி மட்டத்துக்குச் சரித்துக் கட்டியிருந்தார்கள். தவமணி சேலை உடுத்து, சட்டமும் சப்பாத்தும் போட்டு, கைத்தடியோடு வந்தார். டெரி அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார். காலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். யோகனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

தவமணி திரும்பி நின்று முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார். இருக்கை நினைத்த இடத்தில் இல்லை. தொப்பென்று உள்ளே போய் விழுந்தார். பூட்டிய கால் வெளியே விறகு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. யோகனின் இரண்டு கைகளும் தன்பாட்டில் முன்னுக்குப் போயின.

“தொடாதேங்கோ.”

கைகள் அப்படியே நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். தவமணி எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சேஸியை வெட்டியாயிற்று.

பிறகு தவமணி மெதுவாகக் குனிந்து வார்களைக் கழற்றினார். சட்டத்தையும் சப்பாத்தையும் சேர்த்துக் கழற்றி மடியில் வைத்தார். மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். வெறுங்காலை நிலத்தில் வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இலகுவாக எழும்பினார். நின்றவர் திரும்பச் சாய்ந்து இருந்து பார்த்தார். திரும்ப எழும்பினார்.

“என்னை எங்க வைச்சு அளந்தனீங்கள்?”

“குசினியில.”

“சப்பாத்தோடயோ?”

“வீட்டுக்குள்ள ஆர் சப்பாத்தோட நிக்கிறது” என்றார் யோகன். கோபமாகத்தான் சொன்னார்.

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

டெரி என்ன நடக்கிறது என்று கேட்டார். யோகன் சொன்னார். வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவது எங்கள் வழக்கம், அளந்தது வெறுங்கால், ஏறினது தடித்த அடி, அந்தத் தடிப்புத்தான் பிழை என்று. ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று டெரி கேட்டார். யோகன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேஸியைத் தொடத் தேவையில்லை, அந்தச் சப்பாத்து அடி அளவுக்கு இருக்கைக்குக் கீழே இரும்பு வைத்தால் சரி, ஆனால் இந்த முறை தடி வேண்டாம், சப்பாத்தே வேண்டும் என்றார் டெரி.

இதை யோகன் தமிழில் சொன்னது பிறகு கராஜில்தான். ஆனால் தவமணிக்கு அந்த அளவு இங்கிலீசு தெரியும். மடியில் வைத்திருந்ததைத் தூக்கி நீட்டினார்.

“சப்பாத்தைக் கையில குடுக்கிறதோ?” என்றார் யோகன். சப்பாத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது எங்களுக்குள் எவ்வளவு கூடாத காரியம் என்று சொல்லத் தேவையில்லை. அதுவும் வீட்டுக்காரியின் சப்பாத்து, அதுவும் அந்தச் சப்பாத்து.

“அவருக்கு இது சாமான். உங்களுக்குத்தான் சப்பாத்து” என்றார் தவமணி. “கொண்டுபோகச் சொல்லுங்கோ. வரும்வரைக்கும் நான் வீட்டுக்குள்ளதானே நிக்கப் போறன். அது எனக்குப் பழக்கம்.”

டெரி இரண்டு கையாலும் வாங்கினார். கராஜுக்குக் கொண்டுபோய், தேத்தண்ணீர் போடுகிற மேசையில் துணியை விரித்து அதன்மேல் வைத்தார். யோகன் எடுத்து நிலத்தில் வைத்தார். டெரி எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார். எண்ணெய் படும் என்றார். “சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில வைக்கிறானே அண்ணை, இவனுக்கு நான் என்னெண்டு விளங்கப்படுத்திறது” என்று என்னிடம் முறைப்பட்டார் யோகன். ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. சீனிப் போத்தலைத்தான் தள்ளி வைத்தார். அந்தச் சப்பாத்து அடியின் தடிப்புக்கு டெரி பெட்டி இரும்பு வெட்டி, இருக்கையின் நாலு காலுக்கும் கீழே வைத்துப் பூட்டினார்.

கல்யாண நாளன்று தவமணி தானாக ஏறினார். மண்டப வாசலில் யோகன் வண்டியை நடைபாதையிலிருந்து தள்ளி நிறுத்தினார், வீதி மட்டத்தில் இறங்கினால்தான் அளவு சரிவரும். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். யோகன் இறங்கி வந்து, வண்டிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீடியோக்காரருக்கு நேரே போய் நின்றார். லைட் அவர் முகத்தில் அடித்தது. கண்ணைக்கூட மூடவில்லை. வீடியோக்காரர் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். பின்னால் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது, கைத்தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. தவமணி அவரைக் கடந்து நடந்து போனார். அதற்குப் பிறகுதான் அவர் வழி விட்டார். அந்த வீடியோவும் கனடாவுக்குப் போனது. அதில் தவமணி முதலில் தெரிவது தங்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் யோகனின் பெரிய முகம்.

அன்றையிலிருந்து சாகும்வரைக்கும் அவர் அந்த வண்டியைத்தான் வைத்திருந்தார். தவமணி ஏறும்போது பார்க்கமாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, வெளியில் வந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு ஸ்பானருக்குப் பொறுக்காத மனிதர், மழையிலும் பனியிலும் அப்படி நிற்பார். எவ்வளவு நேரமானாலும் “கெதியா” என்று அவசரப்படுத்துகிற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் தவமணி போகாத இடம் இல்லை. கோயில், அப்பர் டூட்டிங் வீதிக் கடைகள், பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற சனிக்கிழமைப் பள்ளிக்கூடம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் குரோய்டனில் விசா அலுவல் என்றால், பேசிக் கொடுக்கத் தவமணியும் ஓட்ட யோகனும் போவார்கள். கவுன்சில்காரர் தெருவில் வேகத்தடைக்கு மேடு கட்டத் தொடங்கிய பிறகு வண்டியின் அடி ஒவ்வொரு மேட்டிலும் உரஞ்சும். ஒவ்வொரு மேட்டுக்கும் யோகனிடம் ஒரு தனி ஏச்சு இருந்தது. டெரி ஒரு முறை கட்டாயப்படுத்தித் தங்கள் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். ஆட்கள் குனிந்து பார்த்து, இது ஏன் பாதியில் நிற்கிறது, இன்னும் வேலை முடியவில்லையா என்று கேட்டார்களாம். டெரி சொன்ன பதிலை யோகன் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: “உங்கட வண்டியள்தான் இன்னும் முடியேல்லை எண்டு சொன்னவன் அண்ணை.”

அன்றைக்குச் செத்தவீட்டில் தவமணி குசினியில் இருந்தார். பெண்கள் சுற்றி இருந்தார்கள். என்னைக் கண்டதும், “சீனி காணாதெண்டு சொன்னவர் அண்ணை” என்றார். “நான் போத்தலை எடுக்கத் திரும்பினன். திரும்பிப் பாக்க, மேசையில தலையை வைச்சிருந்தவர்.” நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

பெட்டி எடுக்கிற நாளன்று பெரியவர் ஒருவர், பெண்சாதி சுடலைக்கு வருகிறது எங்கள் வழக்கத்தில் இல்லை என்றார்.

“இஞ்ச சுடலை எங்க இருக்கு?” என்றார் தவமணி. “பஸ் போற றோட்டில ஒரு கட்டடம். நான் வாறன்.”

வாசலில் யோகனின் பெட்டி வைத்த வண்டி நின்றது. அதற்குப் பின்னால் வீட்டுக்காரருக்கென்று நீளமான கறுப்புக் கார். கையுறை போட்ட வெள்ளைக்காரர் கதவைத் திறந்து குனிந்து நின்றார். தவமணி அந்தப் பதிவான இருக்கையைப் பார்த்தார். “எங்கட வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ” என்றார்.

டெரி கறுப்புக் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பிக்கப்பைக் கொண்டுவந்து கறுப்புக் காருக்கு அருகே நிறுத்தினார். வீதி அடைபட்டுப் போனது. கையுறைக்காரர் தவமணியைக் கண்டதும் கைகளை நீட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு மருமக்கள், இரண்டு பெண்கள். எல்லாருடைய கையும் நீண்டிருந்தது. எல்லாம் அன்புதான். நான் குறுக்கே போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் “நோ” என்றேன். “வெயிட்” என்றேன். மருமக்களிடம், “தவமணிப் பிள்ளை தானா ஏறுவா. ஒருத்தரும் தொடவேண்டாம்” என்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் முன்வண்டியைப் பார்த்தார், வெளிக்கிட நேரமாகிறது என்று. முன்வண்டி ஓட்டுநரும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். இறங்கவும் இல்லை, நகரவும் இல்லை.

தவமணி கைத்தடியை உள்ளே வைத்தார். திரும்பி நின்றார். முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பூட்டைத் திறந்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து எடுத்தார். கதவைத் தானே சாத்தினார். பின்னால் வாகனங்கள் தெரு முனை வரைக்கும் சேர்ந்து நின்றன, ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

நான் நடந்து முன்வண்டிக்குப் போனேன். கண்ணாடிக்குள் பூக்களும் யோகனின் பெட்டியும் தெரிந்தன. கண்ணாடியில் கையை வைத்தேன். குளிராக இருந்தது.

“பிள்ளை ஏறியிட்டா, தம்பி” என்றேன். “நீர் வெளிக்கிடும்.”